சுரங்க வாசலுக்கு முதலாளி வருகிறார்

அய்யா,

வேலையில் சேர்ந்த மறுநாள் போன் போட்டு, "அம்மா, இப்ப என் தலைக்கு மேல ஆறு ஓடுதும்மா" என்று சிரித்தாய். பிறகு வெளியே வந்து வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினாய். கடலை நெருங்கி அகலமாகிவிட்ட ஆறு. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். இந்தக் கரையில் சுங்கம் வாங்கும் கூண்டுகள், அவற்றைத் தாண்டியதும் பூமிக்குள் சரிந்து இறங்கும் சுரங்கச் சாலை. கூண்டுக்கு முன்னால் இருந்த பலகையை நீ பெருமையாகக் காட்டினாய். பெட்ரோல் டேங்கர், கேஸ் சிலிண்டர், வெடிபொருள் என்று மூன்று படங்கள், மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் காவல் நிற்பதுதான் உன் வேலை என்றாய். உன் அப்பா பலகையைப் பார்க்கவில்லை. "உள்ள எத்தன வாசல்லே?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டுதாம்ப்பா. போறதுக்கு ஒண்ணு, வெளியேறுறதுக்கு ஒண்ணு." "நம்மூர் பட்டாசு மருந்து அறைக்கே நாலு பக்கமும் வாசல் வச்சிருக்கம்லே. பாத்து இரு" என்றார்.

இப்போது எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நம் இருவருக்குள் போய்விடும். இது நமக்குள் இருக்கக் கூடாத விஷயம். படித்து முடித்ததும் இதை உன் மேலதிகாரியிடம் காட்டு. தமிழ் தெரியாதவர் என்றால், என்னைக் காப்பாற்ற நினைத்து எதையும் விடாமல், வரிக்கு வரி படித்துச் சொல். உன்னைத் தேடி வரப்போகிற லாரி அங்கே நின்ற பிறகு நம் தெருவில் எல்லாரும் படிக்கக் கொடுப்பேன். எதிர்வீட்டுக்கு முதலில்.

போன வெள்ளிக்கிழமை முதலாளி நம் வீட்டுக்கு வந்தார்.

பெயரை எழுதப் போவதில்லை. நம் தெருவில் முதலாளி என்றாலே யாரென்று தெரியும். உனக்கும் தெரியும். கார் நம் தெருவுக்குள் நுழையாது என்பதால் தண்ணீர்த் தொட்டியடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பின்னால் ஒரு ஆள் தட்டு தூக்கிக்கொண்டு வந்தான். தட்டில் ஆப்பிள், வெற்றிலை பாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டாசு கிப்ட் பெட்டி. நானும் உன் அப்பாவும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தோம். முதலாளியைக் கண்டதும் உன் அப்பா எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகச் செய்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"இரிப்பா, இரிப்பா. ஒக்காரு. ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் மொதலாளி."

"ஏம்மா, ஒரு காப்பி கெடைக்குமா, இல்ல வெளக்கமாத்த எடுத்திருவியா?"

"பால் தீந்துபோச்சு மொதலாளி. தண்ணி தாரேன்."

அடுப்பில் பால் காய்ந்து வாசம் வந்துகொண்டிருந்தது. அவருக்கும் வாசம் தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே தண்ணீரை வாங்கிக் குடித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டும். அது திமிர் பிடித்தவரின் சிரிப்பு அல்ல. நல்ல மனுசன் என்று பார்த்தவுடன் நம்ப வைக்கும் சிரிப்பு. உன் முன்னால் வந்து நிற்கும்போதும் அப்படித்தான் சிரிப்பார். இப்போதே தெரிந்துகொள்.

"தம்பி பெரிய எடத்துல இருக்காகளாமே. ஆத்துக்கு அடியில ரோடாம்ல. கேக்கவே பெருமையா இருக்கும்மா. நம்ம கம்பெனிப் பிள்ள."

"உங்க கம்பெனிப் பிள்ளயா?"

"பின்ன? அவுக அப்பா நம்ம போர்மேன்தான?"

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டபோது உன் அப்பா தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

உனக்கு அப்போது ஒன்றாம் வகுப்பு. நாரணாபுரம் பக்கம் இருந்த அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு உன் அப்பா போர்மேன் ஆனார். கம்பெனி வாசல் பலகையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே போர்மேன் பெயர் எழுத வேண்டும். பெயின்டர் எழுதி முடித்த அன்று சாயங்காலம் நாம் மூவரும் சைக்கிளில் போய் அந்தப் பலகையைப் பார்த்தோம். நீ எழுத்துக்கூட்டி அப்பா பெயரை வாசித்தாய். நான் தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தேன். நம்மைப்போல மருந்து உருட்டிப் பிழைத்த குடும்பத்திலிருந்து ஒருவர் பெயர் பலகையில் ஏறுவது சின்ன விஷயமா? அந்தப் பெயர் எதற்காக எழுதப்படுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. வெடித்த அன்றைக்குப் போலீஸ் வந்து வாசிப்பதற்காக எழுதப்படுகிற பெயர் அது. நம் ஊரில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "வெடிச்சா மொதலாளி காணாமப் போவாரு, போர்மேன் கெடைப்பாரு." அதைப் பலமுறை கேட்டிருந்தும், நம் வீட்டில் பூந்தி கொடுத்தோம்.

அந்தக் கம்பெனியில் நாலு அறைகளை முதலாளி வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார். விடக் கூடாது. ஆனால் விட்டிருந்தார். தீபாவளி ஆர்டர் நெருக்கியது. முந்தின நாள் மழை வந்து வேலை பாதியில் நின்றது. கலந்த மருந்து மிச்சம் கிடந்தது. மிச்ச மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது, ஈரக்காற்றில் அது தன்னாலேயே சூடேறும், கொட்டி அழிக்க வேண்டும் என்று உன் அப்பா சத்தம் போட்டார். குத்தகைக்காரர் முதலாளியிடம் போனார். மறுநாள் காலையில் முதலாளி உன் அப்பாவைக் கூப்பிட்டு, "விருதுநகர் ஸ்டேஷன்ல நம்ம பேருக்குப் பார்சல் வந்து கெடக்காம். நீயே போயி எடுத்துட்டு வா. வேற ஆளு போனா குடுக்க மாட்டான்" என்றார். உன் அப்பா பஸ் ஏறிப் போனார். அங்கே பார்சல் எதுவும் வரவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் விசாரித்துக்கொண்டு நின்றார். இங்கே, மிச்ச மருந்தை வழித்து எடுக்கச் சொன்னார்கள்.

மருந்து வெடித்து மூன்று பேர் போனார்கள். எதிர்வீட்டுப் பேச்சியம்மா அவர்களில் ஒருத்தி. காலையில்தான் என்னிடம் புளி கடன் வாங்கிப் போயிருந்தாள்.

முதலாளி மத்தியானத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட்டார். பஸ்ஸிலிருந்து புகையைப் பார்த்து இறங்கி ஓடி வந்த உன் அப்பாவை, கம்பெனி வாசலில், அவர் பெயர் எழுதிய பலகைக்கு நேர் கீழே வைத்துப் பிடித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஊர் வழக்கம் என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் முதலாளி எங்கிருந்தோ ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். வேலை நேரத்தில் போர்மேன் யாரிடமும் சொல்லாமல் விருதுநகருக்குப் புரோட்டா தின்னப் போய்விட்டார், அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று. அதே ஆள் வழியாக உன் அப்பாவுக்கும் தனியாக ஒரு செய்தி வந்தது. "ஒத்துக்கிடு. குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்." உன் அப்பா ஒத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

முதலாளி நம்மைப் பார்த்துக்கொண்ட விதம் உனக்கு நினைவிருக்காது. அந்தத் தீபாவளிக்கு, ஜெயிலில் இருப்பவன் வீட்டுக்கு, ஒரு பட்டாசுப் பெட்டி அனுப்பினார். அவ்வளவுதான். அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். தண்ணீர் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கியது. நீ அதைப் பார்த்துக் கைதட்டினாய்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். "ஏலே புரோட்டா" என்று உன்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பேச்சியம்மா மகன் உன்னை அடித்துச் சட்டையைக் கிழித்தான். வீட்டுக்கு வந்து, படியில் விழுந்துவிட்டேன் என்றாய். அடுத்த வருஷம் அவன் சைக்கிள் காணாமல் போனபோது உன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து போனாய். எதிர்வீட்டுக்காரர் நம் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வாசலைக் கொல்லைப்பக்கமாக மாற்றிக் கட்டினார். நம் வீட்டுக்கு எதிரே இன்றைக்கும் ஒரு மொட்டைச் சுவர்தான் நிற்கிறது. ஜெயிலிலிருந்து வந்த உன் அப்பா ஆனைக்குட்டம் அணைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் காவலுக்குப் போய்விட்டார். தண்ணீருக்குப் பக்கத்தில்தான் தூக்கம் வருகிறது என்றார். நான் காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலைக்குப் போனேன். அந்த முதலாளி வேறு. குறை சொல்ல முடியாதவர். கழிவுத் தாளில் வரும் கதைகளைப் படிக்க விடுவார். பிறகு நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கண்ணில் பட்ட பழிவாங்கும் கதைகளை எல்லாம் படித்தேன். ஒன்று, கடைசியில் மன்னித்துவிடுகிறார்கள். இல்லை என்றால், பழிவாங்கியவர் தானே அழிந்துபோகிறார். அந்த முடிவுகளை எழுதியவர்கள் மொட்டைச் சுவருக்கு எதிரே குடியிருந்தவர்கள் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை வருஷமும் எனக்குள் ஒன்று அணையாமல் இருந்தது. யாரிடமும் காட்டியதில்லை. கோயிலுக்குப் போனால் அதைத்தான் வேண்டினேன். அவருக்கு நோய் வரவேண்டும் என்றோ அவர் பிள்ளைகள் கெடவேண்டும் என்றோ வேண்டியதில்லை. ஒரு நாள், தப்பு நடக்கிற இடத்தில், அவரே நேரில் நிற்க வேண்டும். ஓட முடியாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை அவரே அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

"அந்த ஊர்ல எனக்குப் பெரிய ஆர்டர் இருக்கும்மா. பழைய பாலத்துல லாரிய விட மாட்டேங்கான், ரிப்பேராம். சுத்திப் போனா தீவாளி முடிஞ்சுதான் போய்ச் சேரும். தம்பி இருக்கிற வழியாப் போனா ஒரு நொடி. நீ ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன லோடு மொதலாளி?"

"காலண்டர் லோடு."

"காலண்டரா? தீவாளிக்கு முன்னாடியேவா? நாங்க பைண்டிங்ல இன்னும் காலண்டருக்குத் தகரம் அடிக்கவே ஆரம்பிக்கலியே."

"சரி, நோட்டுன்னு வச்சுக்கிடு."

"பள்ளிக்கூடம் தொறந்து எம்புட்டு நாளாச்சு, இப்ப யாரு நோட்டு வாங்குதாக?"

வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்கிட்டப் போயி காலண்டர்னு சொன்னேன் பாரு. மேல ஒரு வரிசை காலண்டர் இருக்கும்மா. அடியில என்ன இருக்குன்னு தம்பி கேக்காம இருந்தாப் போதும். எம்புட்டு வருசமா ரோட்டுல போகுது, ஒண்ணும் ஆனதில்ல. ஒரு பொட்டுத் தீ கெடையாது."

உள்ளே ஸ்கூல் பஸ்ஸெல்லாம் போகும்மா என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. மேலே ஆறு, இரண்டே வாசல், நடுவில் குழந்தைகள், அவர்களுக்கு முன்னால் காலண்டர் போர்த்திய லாரி. இதை நினைத்து நான் பதறியிருக்க வேண்டும். பதறினேன், ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது சந்தோஷம். உன்னிடம் மறைக்க மாட்டேன். பசித்தவன் முன்னால் இலை போட்டதுபோல இருந்தது. அனுப்புங்க, நான் சொல்லிக்கிடுதேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே நீ பிடிப்பாய், இங்கே இவர் அழிவார் என்று கணக்குப் போட்டேன்.

அப்போது உன் அப்பா, அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"அந்த வண்டிக்குப் பொறுப்பு யாரு மொதலாளி?"

"நம்ம முருகன்தான். புதுப் போர்மேன். தங்கமான பெய. ஆனி மாசந்தான் கல்யாணம் முடிஞ்சது. அவந்தான் லோடு ஏத்துதான், அவனே கூடப் போறான்."

"மாட்டுனா?"

"எங்கிட்டு மாட்டுவான், அதான் தம்பி இருக்காகள்ல? அப்படியே ஒண்ணுன்னாலும், நாம பாத்துக்கிட மாட்டமா?"

நான் நினைத்தபடி விட்டிருந்தால் அங்கே நீ முருகனைப் பிடித்திருப்பாய். அவன் பெயர் பேப்பரில் வந்திருக்கும். அவன் பெண்டாட்டி வீட்டுக்கு ஒரு பட்டாசுப் பெட்டி போயிருக்கும். இவர் இதே சிரிப்போடு இன்னொரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் வாங்கியிருக்கக்கூடிய பழி நேராகப் போய் இன்னொரு தெருவில் இன்னொரு மொட்டைச் சுவரைக் கட்டியிருக்கும்.

அதனால் கொஞ்சம் பணிவாகப் பேசினேன். கேட்டிருந்தால் உனக்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது.

"முருகன அனுப்பாதீக மொதலாளி. எம் பெயலுக்கு முருகன் யாருன்னே தெரியாது. தெரியாத ஆளுன்னா லோட முழுசாக் கீழ எறக்கிப் பாத்திருவான். நான் போன்ல சொன்னாலும் கேக்க மாட்டான், ரொம்ப ரூல்ஸ் பேசுதான். நீங்க நேர்ல போங்க."

"நானா?"

"உங்க மொகத்தப் பாத்தான்னா மறுக்க மாட்டான். அவுக அப்பா மாதிரி."

முதலாளி உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். இறக்கிவிட்ட வேட்டியோடு உன் அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் முதலாளி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எழுந்து நின்றவன் என்றைக்கும் எழுந்து நிற்பான், அவன் பிள்ளையும் நிற்பான் என்று அவர் நம்புகிறார். இந்த ஊரில் அவரைப் போன்றவர்கள் செய்கிற தப்பு அதுதான். நம்முடைய மரியாதையை அவர்கள் மறதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

"அதுவும் சரிதாம்மா. பிளைட்ல போயி வண்டிக்கு முன்னாடியே அங்கன நிக்கேன். கார்ல முன்னால போனா, லாரி பின்னாலயே வந்திரும். தம்பியையும் பாத்த மாதிரி இருக்கும்."

"முருகன் வேண்டாம்ல?"

"வேண்டாம், வேண்டாம். அவன் இங்கனயே இருக்கட்டும். நானே போறேன்." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத தாயி."

"நான் எதையும் வச்சுக்கிடல மொதலாளி. எல்லாத்தையும் குடுத்திருவேன்."

அதற்கும் சிரித்தார்.

அவர் போனபிறகுதான் உன் அப்பா உட்கார்ந்தார். "ஏ பிள்ள, அவுகளும் வயசாளி ஆயிட்டாக" என்றார். நான் பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். "பேச்சியம்மாவுக்கு வயசாகவேயில்ல" என்றேன். சாப்பிட உட்காரும்போது அவர், "டிரைவர் பாவம். அவன விட்ரச் சொல்லு" என்றார். அதை அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

இனி உன்னைப் பற்றி.

நீ நல்லவன். எனக்கு இப்போது பயமெல்லாம் அதைப் பற்றித்தான். முதலாளி காரிலிருந்து இறங்கி, "தம்பி" என்று கையைப் பிடிப்பார். அப்பா உடம்பை விசாரிப்பார். அவர் கை லேசாக நடுங்கும். வயதாகிவிட்டது, நிஜமாகவே நடுங்குகிறது. லாரியை உள்ளே விட மாட்டாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ செய்யக்கூடியது வேறு. "அய்யா, இந்த வழியில விட முடியாது, திருப்பிக்கிட்டுப் போயிருங்க" என்று ரகசியமாகச் சொல்லி, வழக்கு எழுதாமல், மேலே சொல்லாமல், அவரைத் திருப்பி அனுப்பிவிடுவாய். படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்ன பிள்ளை அல்லவா நீ. சைக்கிளைக் கொடுத்த பிள்ளை. சுரங்கம் தப்பித்தது, குழந்தைகள் தப்பித்தார்கள், பாவம் கிழவரும் தப்பித்தார் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிடுவாய்.

அப்படிச் செய்தாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். தாய் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் சொல்வேன். சாகும்வரை சொல்வேன். திரும்பிப்போகிற லாரி வேறொரு ஆற்றுக்கு, வேறொரு வாசலுக்கு, இன்னொரு முருகனோடு போகும். இதை நியாயத்துக்காகக் கேட்கிறேன் என்று உன்னை ஏமாற்றவும் மாட்டேன். நியாயம்தான். சட்டம்தான். உன் வேலையும் அதுதான். ஆனால் எனக்கு வேண்டியது பழி. இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்பது என் அதிர்ஷ்டம். எத்தனையோ பேருக்கு அது கிடைப்பதில்லை. நான் சொல்லித்தான் அவர் வருகிறார் என்று அவர் சொல்வார். உண்மைதான். ஆமாம், என் அம்மாதான் வரச் சொன்னாள், இதோ அவளே எழுதியிருக்கிறாள் என்று எல்லார் முன்னாலும் காட்டு. எனக்கும் ஒரு வழக்கு வந்தால் வரட்டும். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, ஜெயிலைத் தாங்க உடம்பில் வலு இருக்கிறது. இதற்காக உன் வேலை போய்விடக் கூடாது என்பதால்தான் முதலில் மேலதிகாரியிடம் காட்டச் சொல்கிறேன். உண்மையை ஒளித்துவைத்துவிட்டு மாட்டிக்கொள்வது உன் அப்பா செய்த வேலை. நீ செய்யாதே.

லாரியைக் கூண்டு வரைகூட வரவிடாதே. வீடியோவில் நீ காட்டிய, ஆட்கள் இல்லாத அந்த வெளி மைதானத்தில், சரிவுக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தச் சொல். போலீஸையும் தீயணைப்பு வண்டியையும் முன்கூட்டியே வரவழை. டிரைவரை இறக்கித் தூரமாக உட்காரவைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடு, அவன் சாட்சி. போலீஸ் வந்ததும் டிரைவரைத்தான் முதலில் பிடிப்பார்கள், அது அவர்கள் பழக்கம். நீ நடுவில் போய் நில். லோடு யாருடையது என்று முதலாளியையே அவர் வாயால் சொல்ல வை. உன்னைத் தேடி வந்தவர், அதனால் "என்னுடைய லோடுதான் தம்பி" என்று முதலில் அவரே பெருமையாகச் சொல்லிவிடுவார். பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது சொல்ல வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. முதலாளிதான். மதுரை விமான நிலையத்தில் இருக்கிறாராம். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"வண்டி நேத்தே நம்ம எல்லையத் தாண்டிருச்சும்மா. நாளைக்குக் காலையில நானும் தம்பியும் சந்திச்சிருவோம். தம்பிகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் மொதலாளி."

"என்ன சொன்ன?"

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லுதேன்."

"நல்ல பிள்ள. தம்பிக்கு இங்கயிருந்து ஏதும் கொண்டுபோகணுமா?"

அய்யா, அந்த மனுசன் கேட்டது நிஜமான பிரியம். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம், போகாதீக என்று சொல்லத் தோன்றியது. பேச்சியம்மா வீட்டு மொட்டைச் சுவரைப் பார்த்தேன். "ஒண்ணும் வேண்டாம் மொதலாளி. நீங்க பத்திரமாப் போய்ச் சேந்தாப் போதும்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்காக நான் மனதார வேண்டிக்கொண்டது இந்த ஒரு தடவைதான். வழியில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

தாள்களைப் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன். இரண்டு தடவை படி. விடியும் முன்னால் மேலதிகாரி வீட்டுக் கதவைத் தட்டு. முதலாளி வந்ததும் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவை, குடிக்கத் தண்ணீர் கொடு, வயதானவரிடம் குரலை உயர்த்தாதே. போலீஸ்காரர் நோட்டை விரித்து, உரிமையாளர் எங்கே என்று கேட்பார். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. நீ கையை நீட்டிக் காட்டு.

அம்மா